அகப்பை ஏந்திய பாட்டியார்

தமிழகத்துக் கூட்டுக்குடும்பங்களில், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளையும் வயிறார வடித்துக்கொட்டியும் மாதக் கடைசியில் கடனின்றிக் கரையேறும் பாட்டியார் என்றொரு வகையினர் உண்டு. எந்தப் பண்டமும் தீர்ந்துபோவதில்லை, பெயரை மட்டுமே மாற்றிக்கொள்கிறது என்பது இவர்களுடைய சமையல் நெறியின் அடிப்படைக் கொள்கையாகும். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிய துவரம்பருப்பு வெந்ததும், மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீர் ரசத்துக்கும், அடியில் தங்கும் மண்டி சாம்பாருக்கும் பாகப்பிரிவினை செய்யப்படுகிறது. பீர்க்கங்காய் கூட்டாகிவிட்டால் அதன் தோல் துவையலாகிறது; கீரையின் இலை மசியலுக்குப் போனால் தண்டு மறுநாள் குழம்பில் தலைகாட்டுகிறது. முதல் நாள் இட்லியாக வெந்த மாவு, அடுத்த நாள் தோசையாகி, மூன்றாம் நாள் தன் புளிப்பை மறைக்க வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் துணைக்கழைத்துக்கொண்டு குழிப்பணியாரமாக அவதரிக்கிறது. "நேத்து இட்லிதானே இன்னிக்கு உப்புமா?" என்று பேரன் குறுக்கு விசாரணை நடத்தினால், "அதுக்குத்தான் கடுகு தாளிச்சிருக்கேன், பேசாம சாப்பிடுடா" என்று உடனடியாகத் தீர்ப்பு வழங்கப்படும், மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

காய்கறிக் கடையில் இவர்களுடைய பேரம், கொசுறு, அதாவது வாங்கிய சரக்குக்கு மேல் விலையின்றி அள்ளித் தரப்படும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும், பைக்குள் விழும்வரை ஓய்வதில்லை. சொல்லாமல் வந்த விருந்தினர் நால்வர் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், ரசத்தில் ஒரு செம்பு நீரும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் ஏறிவிடுகின்றன.

ஊட்டச்சத்தியல் என்னும் துறை முழுவதையும் இவர்கள் "உடம்புக்கு நல்லது" என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றனர். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களுள் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு என்றும், பருப்பு அக்குறையை ஈடுசெய்கிறது என்றும், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்றும் எவரும் இவர்களுக்குப் பாடம் நடத்தியதில்லை. ஆயினும் சோற்றோடு சாம்பாரும், வாரம் இருமுறை களியும் தவறுவதில்லை. களி வேண்டாம் என்பவருக்குப் பசியில்லை என்றே கொள்ளப்படும். இவ்வுண்மைகளையெல்லாம் உணவுக் கல்வி பயின்ற மருமகள் வண்ண அட்டவணையாக அச்சிட்டுத் தந்தால், பாட்டியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்து, தாள் நல்ல கெட்டி என்று மனமாரப் பாராட்டி, ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரித்துவிடுவார்.