புத்தாண்டு நடையும் சனிக்கிழமைக் குளிகையும்: ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

வேடந்தாங்கலுக்கு வலசை வரும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். ஜனவரி முதல் தேதி பொழுது புலரும்போது மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் வந்திறங்கி, பொங்கலோடு மாயமாகும் புத்தம் புதிய ஷூக்களை மட்டும் எவரும் எண்ணுவதில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

டிசம்பர் 31 இரவு, வீட்டார் அனைவரும் கேட்கும்படி, ‘நாளையிலேர்ந்து தினமும் வாக்கிங்’ என்று அறிவித்தவர் எவரோ அவரே இங்கு ஆய்வுப் பொருள். அவருக்கு ‘ஜனவரி நடையர்’ எனப் பெயர் சூட்டிக்கொள்வோம். அறிவிக்கும் வேளையில் அவர் கையில் கேக் துண்டு இருப்பது பெருவழக்கு, கட்டாயமன்று.

அவர் ஏன் பாதியில் நின்றுபோகிறார் என்பது ஆய்வு வினா. மன உறுதி போதவில்லை என்பது வீட்டார் கொள்கை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் கொள்கை. இரண்டையும் மறுத்து மூன்றாவது கொள்கை ஒன்றை நிறுவுவது நம் நோக்கம்.

களமும் திணையும்

லஸ் பக்கத்துப் பூங்காவைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் பெயருக்குரிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கியவர். வலிக்குத் தைலம் கண்டவர் பெயரிலேயே நடப்பதற்கும் இடம் வாய்த்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஜனவரி 3ஆம் தேதி இரவு நடையரின் முழங்காலைப் பார்த்தவர்கள் இந்தப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

தமிழ் மரபில் திணை வகுக்காமல் எதையும் ஆராயலாகாது. நிலம், பூங்கா. பெரும்பொழுது, முன்பனி, அதாவது மார்கழியும் தையும். சிறுபொழுது, வைகறை. கருப்பொருள்களாவன: குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றிய மஃப்ளர், வாசலில் எவர்சில்வர் பாத்திரத்தில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, நடந்து முடித்தபின் டிகிரி காபி. இலக்கணப்படி வைகறை மருதத்துக்கு உரியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஐந்து மணிக்கு அலாரம் அடிக்க, வைத்தவர் எழாமல் பக்கத்தில் படுத்தவர் மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் பண்டை இலக்கண ஆசிரியர்களின் தொலைநோக்கு புலப்படும். பழைய மருதத்தில் தலைவனை வீடு திரும்ப விடாமல் பிடித்துவைத்தவள் பரத்தை. இங்கே அவனை வீட்டைவிட்டுக் கிளம்ப விடாமல் பிடித்துவைப்பது போர்வை. திசை மாறியிருக்கிறதே தவிர, திணை மாறவில்லை.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் நடையர், சுற்றுப் பாதையிலிருந்து விலகி சிமென்ட் பெஞ்சுக்கு இடம்பெயர்கிறார். பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர், ஷூவைக் கழற்றி வைத்துக் குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பார். களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

“என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?”

“பனி ஜாஸ்தி சார். டாக்டரே வேண்டாம்னுட்டார்.”

“எந்த டாக்டர் சார்?”

“நம்ம மச்சினர்தான். பல் டாக்டர்.”

இதன்பின் இருவரும் காபிக்கு எழுந்திருப்பார்கள். அறுபது, எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி. காபியோடு வரும் இரண்டு மெதுவடைகள் அந்தக் கணக்கை நேர்செய்து, கொஞ்சம் மீதியும் வைத்துவிடும்.

முன்னோர் கண்டவை

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது நடையர் உலகில் வேதவாக்கு. இதை எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடியெண்ணி ஒன்று விற்பனைக்கு வந்தது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் ‘மான்போ கெய்’ என்பது அதன் பெயர். விற்பதற்கு வைத்த பெயர், நாளடைவில் விதியாகிவிட்டது. சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அடிகளை எண்ணச் சொல்வதே இல்லை; வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது. பூங்காவில் 9,400 அடியில் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, மீதி 600ஐ வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து முடித்தவர்கள் அனைவருக்கும் நம் அனுதாபம்.

அடுத்த வேதவாக்கு 21 நாள். எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள். இதன் ஊற்று, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகம். முகத்தைச் சீரமைத்துக்கொண்டவருக்குப் புதிய முகம் பழக, குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னது முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பத்தக்கது. ஒரு செயல், யோசிக்காமல் தானே நடக்கும் நிலையை எட்ட இடைநிலையாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வேறுபாடோ, 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஆய்வு நடந்தது 84 நாள்தான். 254 எப்படி வந்தது என்றால், வளைகோட்டைக் கணக்குப் போட்டு நீட்டினார்கள். கிரகணத்தைக் கணித்து முன்கூட்டியே அச்சிடும் பஞ்சாங்கக்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது போன்ற பழக்கத்தைவிட உடற்பயிற்சிப் பழக்கம் படிய ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது என்பதும், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். இரண்டாவது முடிவைப் படிப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

ஜனவரி 1இலிருந்து எண்ணினால் 21ஆம் நாள் ஜனவரி 21. சித்த மருத்துவர் சொல்லும் ஒரு மண்டலமாகிய 48 நாள், பிப்ரவரி 17. லண்டனின் 66, மார்ச் 7. மிக மெதுவான ஆசாமிக்குரிய 254, செப்டம்பர் 11, கொழுக்கட்டைப் பருவம்.

நெய்க் காலம்

தடை எங்கே விழுகிறது என்று பார்ப்போம். மேலை நாடுகளில் கொண்டாட்டங்கள் டிசம்பரோடு முடிந்து, ஜனவரியில் மக்கள் மனந்திருந்தி நடக்கிறார்கள். நமக்கு ஜனவரியின் முதல் பாதி மார்கழிக்குள் இருக்கிறது. கோயிலில் விடியற்காலைப் பிரசாதமாக வெண்பொங்கல்; நடையரின் பாதை பெரும்பாலும் கோயில் வாசல் வழியாகத்தான் போகும். திருவாதிரைக்குக் களி. அனுமத் ஜெயந்திக்கு வடைமாலை. ஜனவரி 11ஐ ஒட்டிக் கூடாரவல்லி. அன்றைய அக்காரவடிசலில் அரிசியைவிட நெய்க்கே முன்னுரிமை. 14, 15 தேதிகளை ஒட்டிப் போகியும் பொங்கலும். அடுத்த நாள் மாட்டுப்பொங்கல், அதற்கடுத்த நாள் காணும்பொங்கல். இவற்றுக்கெல்லாம் ஊருக்குப் போக வேண்டும், ஊரில் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், “என்னப்பா, பஸ்ஸை விட்டுட்டியா?” என்று திண்ணையிலிருந்து சித்தப்பா கேட்பார்.

ஆக, 66 நாள் தேவைப்படும் முயற்சி 15ஆம் நாள் வாக்கில் சர்க்கரைப் பொங்கலில் முட்டுகிறது. முட்டியது கூடப் பாதகமில்லை. லண்டன் ஆய்வு ஒரு நாளை மன்னிக்கிறது. நம்மவர் மன்னிப்பதில்லை. நடையை அவர் சபரிமலைக்கு மாலை போட்டதைப் போலவே நினைக்கிறார். ஒரு நாள் தப்பினால் விரதம் போயிற்று. இனி அடுத்த வருஷம்தான். நான்கு நாள் ஊருக்குப் போனவர், திரும்பிவந்தும் பூங்காவுக்கு வராததன் காரணம் இதுவே.

‘அடுத்த வருஷம்’ வெகு தொலைவில் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். புத்தாண்டு, வார ஆரம்பம், பிறந்தநாள் போன்ற தொடக்கங்களில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன் உள்ளிட்டோர் 2014இல் காட்டினார்கள். தொடக்கங்கள் தமிழருக்குக் குறைவா? ஜனவரி 1 போனால் தை 1. 2008இல் தமிழக அரசு தை முதல் நாளையே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011இல் அது நீக்கப்பட்டுச் சித்திரைக்கே திரும்பியது. இரண்டு கட்சியினரையும் பகைத்துக்கொள்ளாமல் நடையர் இரண்டு தேதிகளிலும் சபதம் எடுக்கிறார். ஆங்கிலேயரை எடுத்துக்கொண்டால், 1752 வரை சட்டப்படி அவர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல்தான். தேதிகள் நகரக்கூடியவை. ஷூதான் ஓரிடத்தில் இருக்கிறது.

சூலம்

இனி நம் மூலக் கொள்கைக்கு வருவோம். நடையர் வீட்டுச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்குகிறது. எழுந்ததும் தாளைக் கிழிப்பவர், கிழித்த கையோடு படிக்கவும் செய்கிறார். திங்கள், சனியில் கிழக்கே சூலம்; செவ்வாய், புதனில் வடக்கே; வியாழனில் தெற்கே; வெள்ளி, ஞாயிறில் மேற்கே. மயிலாப்பூர்க்காரருக்கு மெரினா கிழக்கு. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் கடற்கரை கிடையாது. வியாழன் காலை 6.00 முதல் 7.30 வரை எமகண்டம். எந்தத் திசையும் கிடையாது.

பூங்காவைத் தேர்ந்தவர் நிலை இன்னும் சிக்கல். நடைபாதை சுற்றுப்பாதை. ஒரு சுற்றில் நான்கு திசையும் வந்துவிடுவதால், எந்தக் கிழமையில் நடந்தாலும் கால் பங்கு தூரம் சூலத்தை எதிர்த்தே நடக்க வேண்டியிருக்கிறது. பரிகாரம் உண்டு. கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், மேற்குக்கு வெல்லம், தெற்குக்குத் தைலம். முதல் மூன்றும் நடையின் பயனை நிரப்பிவிடும். நான்காவது, மேலே சொன்ன நாகேஸ்வர ராவின் சரக்கில் அடங்கும்.

குளிகை

ஆனால் அதே தாளின் அடியில் விடையும் அச்சாகியிருக்கிறது. ராகு காலம், எமகண்டம் என்றால் நடுங்குகிறவர்கள் மூன்றாவதான குளிகையைப் பொருட்படுத்துவதில்லை. குளிகை வேளையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் நகை வாங்கவும் கடனை அடைக்கவும் அந்த நேரத்தைத் தேர்வார்கள். கடன் வாங்கவும் பிணம் எடுக்கவும் மாட்டார்கள். சனிக்கிழமை குளிகை எப்போது? காலை 6.00 முதல் 7.30 வரை. வாரத்தின் ஏழு நாட்களில், நடைக்கு உகந்த அந்த ஒன்றரை மணி நேரம் முழுதும் குளிகையாக அமைவது சனிக்கிழமை ஒன்றில்தான்.

அந்த வேளையில் ஜனவரி நடையர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ‘லீவு நாள்தானே’ என்று தூங்கிக்கொண்டிருக்கிறார். தூங்கியது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஞாயிறும் தூங்குகிறார், திங்களும் தூங்குகிறார். மன உறுதியையும் பனியையும் இனிக் குறை சொல்லிப் பயனில்லை.

லண்டன் ஆய்வுக்கும் நாள்காட்டித் தாளுக்கும் இதில் முரண்பாடே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் ஒரே வேளையில், ஒரே காரியத்தை அடுத்து, ஒரே செயலைச் செய்யச் செய்ய அது தானே நடக்கத் தொடங்குகிறது என்கிறார் லாலி. எந்தத் தேதியில் ஆரம்பித்தோம் என்பதற்கு அவர் வளைகோட்டில் இடமே இல்லை. பல் தேய்த்ததும் ஷூ, ஷூ போட்டதும் கதவு என்றால் போதும். நாள்காட்டி இதையே ஒரு சொல்லில் சொல்லிவிட்டது.

பரிந்துரைகள்

ஒன்று: ஜனவரி 1ஐ விட்டுவிடலாம். எந்தச் சனிக்கிழமையும் ஆறு மணிக்குத் தொடங்கலாம்.

இரண்டு: பத்தாயிரம் வேண்டாம். அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள்; 150 நிமிடம் வந்துவிட்டது. வியாழனை எமகண்டத்துக்கும் இன்னொரு நாளை மச்சினருக்கும் விட்டுக்கொடுத்தாலும் கணக்கு சரியாக இருக்கும்.

மூன்று: பொங்கலுக்கு ஊருக்குப் போனது விடுப்பு, ராஜினாமா அல்ல. திரும்பிய மறுநாள் பெஞ்சில் இருப்பவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு, உட்காராமல் நடக்க வேண்டும்.

நான்கு: ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டும்முன் யோசிக்கலாம். அமெரிக்காவில் மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போனார்கள் என்று 2006இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் கணக்கிட்டார்கள். பூங்காவுக்குச் சந்தா இல்லை. போகாவிட்டால் நட்டம் இல்லை என்பதே அதன் ஒரே குறை.

குளிகையில் நற்காரியம் மட்டுமே திரும்ப நடக்குமா, அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பதும் திரும்ப நடக்குமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். நடக்கும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை.