இல்லுறை பல்லியை இன்னா செய்யாது வெளியேற்றல்: ஓர் உரையாய்வு

இவ்வாய்வின் களம் கூடம், சமையலறை, குளியலறை என மூன்று. மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் அடைந்து கிடக்கும் பகுதி, ஆய்வாளரின் துணிவுக் குறைவால் விலக்கப்பட்டது. காலம், மாலை விளக்கு வைப்பது முதல் வீட்டார் படுக்கப் போவது வரை. ஆய்வுப் பொருள், டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் வசிப்பதும், 1836இல் விலங்கியலாரால் ‘ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ்’ எனப் பெயரிடப்பட்டதும், அப்பெயரால் எந்த வீட்டிலும் கூப்பிடப்படாததுமான வீட்டுப் பல்லி.

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. குறுந்தொகையின் 16ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, கள்ளிக்காட்டில் துணையை அழைக்கும் பல்லியின் குரலை, கள்வர் தம் அம்பை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசையோடு ஒப்பிட்டார். ஒலியியல் நோக்கில் இதைவிடக் கூர்மையான பதிவு இல்லை. ஆனால் புலவர் பல்லியைக் காட்டிலேயே விட்டுவிட்டார். அது அடுப்பு மேடையில் பால் பாத்திரத்தைச் சுற்றி வந்தால் என்ன செய்வது என்பதை எட்டுத்தொகையில் எங்கும் காணோம். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் ஒரு முறைச்சிக்கல். நம் வீடுகளில் பல்லி ஒரு சாட்சி. “இந்தச் சம்பந்தம் கூடி வந்துடும்னு தோணுது” என்று பாட்டி சொல்லி வாய் மூடுமுன் சுவரில் ‘ச்சு ச்சு’ என்று கேட்டால், “பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு” என்று விரலால் தரையைத் தட்டி விவகாரம் முடிக்கப்படும். மேல்முறையீடு கிடையாது. அதே பல்லி அரைமணி கழித்துச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால், “ஏங்க, துடைப்பத்தை எடுத்துட்டு வாங்க!” என்று அதே வீட்டில் குரல் எழும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவர வரிசையில் நிற்போரும் இவர்களே என்க. சாட்சி சொன்னவரைத் துடைப்பத்தால் அடிக்கும் மரபு வேறு எந்த மன்றத்திலும் இல்லை.

இனி, பல்லி விழும் பலன். தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது, அதிலும் இடமா வலமா என்று பஞ்சாங்கம் விரித்துரைக்கிறது. ஐயம் யாதெனின், பல்லி எங்கே விழுகிறது? ‘தோக்கே’ என்னும் பெரிய வகைப் பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள் உண்டென்றும், ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளைக்கிறதென்றும் அறிவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒட்டுவது பசையாலன்று, உறிஞ்சலாலுமன்று. மூலக்கூறுகளுக்கு இடையிலான ‘வான் டெர் வால்ஸ்’ விசையால். நம் வீட்டுப் பல்லிக்கும் இதே ஏற்பாடுதான். இத்தனை பிடிமானம் உள்ள பிராணி பூச்சியைத் துரத்தியோ இன்னொரு பல்லியோடு சண்டையிட்டோ அபூர்வமாகத்தான் தவறி விழும். அந்த அபூர்வத்துக்கு அங்கம் அங்கமாகப் பலன் எழுதி வைத்த முன்னோரின் முன்னெச்சரிக்கையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நஞ்சு பற்றிய கொள்கையை விரைவில் கடக்கலாம். நம் வீட்டுப் பல்லிகளுக்கு விஷம் கிடையாது. ஆனால் அவற்றின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். ஆகவே பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டத்தான் வேண்டும். கொட்ட வைத்த குற்றம் சாம்பாரை மூடாதவரைச் சாரும்.

வெளியேற்றும் முறைகளுள் முட்டை ஓட்டு முறை பெருவழக்கு. ஓட்டைக் கண்டால் பல்லி அஞ்சி ஓடும் என்பர். தானே முட்டையிடும் ஓர் உயிர் முட்டையைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலில் மாட்டிய ஓட்டின் மேலேயே ஏறி அமர்ந்து கொசு பிடித்த பல்லியை இவ்வாய்வாளர் கண்டிருக்கிறார். மயிலிறகுக்கும் இதே கதி. அந்துருண்டை முறை வேடிக்கையன்று. அதிலுள்ள நாஃப்தலின் கைக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பல்லிக்கு வைத்ததைத் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

பசை அட்டையை இவ்வாய்வு அறவே மறுக்கிறது. அது உடனே கொல்வதுமில்லை, விடுவதுமில்லை. ஒட்டிக்கொண்ட உயிர் பசியிலும் களைப்பிலும் நாள் கணக்கில் சாகும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதன் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. அறியாமல் வைத்துப் பல்லி ஒட்டிவிட்டால், பிய்க்காமல் சமையல் எண்ணெயைத் துளித்துளியாக விட்டால் பசை இளகும்.

துடைப்பத்துக்கு விடை வால். வாலின் முள்ளெலும்புகளிலேயே முறிவதற்கென்று ஒரு தளம் இருக்கிறது. மிரட்டினால் வாலைத் துறந்து ஓடிவிடும். பிறகு முளைப்பதில் எலும்பு இராது, குருத்தெலும்புதான். வால் பல்லியின் வருங்கால வைப்பு நிதி. கொழுப்பு அங்கே சேர்கிறது. துள்ளும் வாலைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இவ்வாய்வு ஏற்கும் முறை ஒன்றே: ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு காலண்டர் அட்டை. பல்லி சுவரில் அசையாதிருக்கும்போது டப்பாவை மெல்லக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் இடையில் அட்டையைச் செருகி, அப்படியே கொண்டுபோய் மதிற்சுவரில் விடுவது. தினசரிக் காலண்டரின் அட்டையே சாலச் சிறந்தது. அதன் பின்புறம் பல்லி விழும் பலன் அச்சிட்டிருந்தால் பல்லி போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்தபின் மறுநாள் மாலை அதே இடத்தில் ஒரு பல்லி இருக்கும். அதுவா, வேறொன்றா என்பது ஆய்வுக்குரியதன்று. காரணம் வருமாறு:

விளக்குள வழியே பூச்சியும், பூச்சி
உளவழிப் பல்லியும், பல்லி உளவழிக்
கூச்சலும் உளவென மொழிப.

நூற்பா நம்முடையது. பொருள் வெளிப்படை. பல்லி வருவது வீட்டுக்கன்று, டியூப்லைட்டுக்கு. வெள்ளொளி பூச்சியை இழுக்கிறது, பூச்சி பல்லியை இழுக்கிறது. விளக்கை எரியவிட்டுப் பல்லியை மட்டும் நாடு கடத்துவது வீண் வேலை. வாசல் விளக்கை மஞ்சள் ஒளிக்கு மாற்றினால் பூச்சி குறையும். கதவடி இடுக்கையும் ஏசி குழாய் நுழையும் துளையையும் அடைத்தால் வரவும் குறையும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பல்லிகள் சாவது துடைப்பத்தால் மட்டுமன்று, கதவிடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் நசுங்கியும்தான். இன்றிரவு கதவைச் சாத்துமுன் நிலையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.