செமி ஆட்டோமேட்டிக்: மீதிப் பாதி யாருடையது?

ஒரு வேலையின் சில கட்டங்களை இயந்திரமும் மற்றவற்றை மனிதரும் செய்வது செமி ஆட்டோமேட்டிக். பாடநூல்களில் அரைத் தானியங்கி. அரை என்றதும் வேலை சரிபாதியாகப் பிரிந்திருக்கும் என்று நம்புவது வெகுளித்தனம். எந்தப் பாதி யாருக்கு என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் துப்பாக்கியில், சுட்டவுடன் கிளம்பும் வாயுவே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். மனிதருக்கு மிச்சம் விசையை அழுத்துவது மட்டுமே. இந்திய ரயில்வேயின் செமி ஆட்டோமேட்டிக் சிக்னல் இன்னும் நேர்மையானது. அதில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து ஒளிர்ந்தால், ரயில் நகர நகரச் சிக்னல் தானே நிறம் மாறும். எழுத்து அணைந்திருந்தால் பொறுப்பு மனிதர் கையில்.

வாஷிங் மெஷினில் அப்படி விளக்கு கிடையாது. தேவையும் இல்லை, பொறுப்பு எப்போதும் வாங்கியவருடையதே. “செமியா, ஃபுல்லியா?” என்று கடைக்காரர் கேட்கும்போது விலையைப் பார்த்து “செமி” என்பவருக்கு இரண்டு தொட்டிகள் கிடைக்கும்: ஒன்று துவைக்க, ஒன்று பிழிய. இயந்திரம் சுழற்றும், அவ்வளவுதான். தண்ணீர் நிரப்புவது, சோப்புத் தூள் போடுவது, அழுக்கு நீரை வடிப்பது, மறுபடி நிரப்பி அலசுவது, நனைந்து கனத்த போர்வையைப் பக்கத்துத் தொட்டிக்குத் தூக்குவது எல்லாம் மனிதர் பங்கு. பிழியும் தொட்டியில் துணி ஒருபக்கம் குவிந்தால் மெஷின் தடதடவென்று இடத்தைவிட்டே கிளம்பப் பார்க்கும். மூடியைத் திறந்து சமாதானம் செய்ய வேண்டும். வடிகால் குமிழைத் திருப்ப மறந்து குழாயைத் திறந்தால் தொட்டி எந்நாளும் நிரம்பாது. மெஷின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

இருந்தும் இது விற்கக் காரணம் தண்ணீர். ஃபுல்லிக்குக் குழாயில் நீர் தொடர்ந்து வர வேண்டும். செமிக்கு லாரித் தண்ணீரைக் குடத்தால் ஊற்றினாலும் போதும். வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே கலர் துணியும், கடைசியில் கால்மிதியும் போடலாம். பாதியில் நினைவுக்கு வந்த கைக்குட்டைக்கும் இடமுண்டு.

பல மாடல்களில் நேரக்குமிழ் சாவி கொடுத்த பொம்மைபோல வில்சுருளில் ஓடுவது. கரண்ட் போனால் துணி ஊறிக்கொண்டிருக்க, குமிழ் பாட்டுக்கு டிக் டிக் என்று நகர்ந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றுவிடும். யார் உதவியும் இல்லாமல் இந்த மெஷினில் நடக்கும் வேலை அது ஒன்றுதான்.