மாப்ள, அம்மிணிக்குப் பள்ளிக்கூடம் பாக்கறயாமா?

ஏம் மாப்ள, அம்மிணிய ஆறாவது சேக்கறதுக்கு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு சுத்திக்கிட்டுக் கெடக்கறயாமா? உங்கம்மா வந்து சொல்லிட்டு வெசனப்பட்டுக்கிட்டுப் போனா. நான் சந்தோசப்பட்டேன். பொண்ணு பாக்கப் போனப்பகூட மொத ஊட்லயே காப்பியக் குடிச்சுட்டுத் தலையாட்டிட்டு வந்தவன் நீ. இப்பவாச்சும் நாலு எடம் பாக்கோணும்னு புத்தி வந்துச்சே!

எங்க போனாலும் மொதல்ல ஏசி ரூம்ல உக்கார வெப்பாங்க. மீன் தொட்டி, சோபா, சுவரு நெறையாக் கோப்பை. நீ அங்கயே கவுந்துருவ. கவுறாம எந்திரிச்சுக் கக்கூசு எங்கன்னு கேளு. வந்தவங்களுக்குன்னு பளபளன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அது வேண்டாம். புள்ளைங்க போறது எதுன்னு கேட்டு உம் பொண்டாட்டிய உள்ள அனுப்பு. தாப்பா இருக்குதா, தண்ணி வருதா, குப்பைக்கூடை இருக்குதான்னு பாத்துட்டு வரட்டும். அம்மிணி இன்னம் ஒண்ணு ரெண்டு வருசத்துல பெரியவளாயிருவா. அன்னிக்கு அவளுக்கு ஸ்மார்ட் போர்டு ஒதவாது கண்ணு.

மெட்ரிக்குன்னா ஏதோ ஒசந்த படிப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்கற. 2010ல சமச்சீர் கல்விச் சட்டம் போட்டு, அடுத்த வருசம் சுப்ரீம் கோர்ட்டும் நடத்துங்கன்னு சொன்ன பொறவு, பத்தாவது வரைக்கும் அங்கயும் அதே பாடம், நம்மூரு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலயும் அதே பாடம். பரிச்சையும் ஒண்ணுதான். இங்க புத்தகம் ஓசி, அங்க துட்டு. சிபிஎஸ்இ-ன்னா பாடமே வேற, அது வேற கணக்கு. நீ மெட்ரிக்குக்குக் கட்டற பணம் டைக்கும் பஸ்சுக்கும்னு தெரிஞ்சே கட்டு, யாரு வேண்டாங்கறா?

ஆனா ஒண்ணு. டாக்டர் சீட்டுல கவர்மெண்டு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குன்னு 2020ல ஏழரை சதவீதம் ஒதுக்குனாங்க. அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் அங்கயே படிச்சிருக்கோணும். நீ இப்ப மாத்துனா அந்தக் கதவு சாத்திரும். சாத்திட்டுப் போ, தப்பில்ல. ஏழு வருசம் கழிச்சு டீக்கடை பெஞ்சுல உக்காந்து "அவிங்களுக்கு மட்டும் ஒதுக்கீடா"ன்னு மட்டும் பொலம்பாத.

நம்ம சில்லாவுல கோழிப்பண்ணையும் பள்ளிக்கூடமும் பக்கம்பக்கமா வளந்துச்சு. ஊரே இந்தப் பள்ளிக்கூடங்களுக்குப் பிராய்லர் பள்ளின்னு பேரு வெச்சுச்சு. 2007ல இருந்து 2016 வரைக்கும் பிளஸ் டூ மார்க்க வெச்சே டாக்டர் சீட்டுக் குடுத்தாங்களா, அப்ப அடிச்ச அடி! ஒம்பதாவதுல பத்தாவது பாடம், பதினொண்ணாவதுல பன்னண்டாவது பாடம். ஒம்பதாவது, பதினொண்ணாவது புத்தகமெல்லாம் பிரிக்காமயே பழைய பேப்பர் கடைக்குப் போச்சு. 2017ல நீட் வந்துச்சு, முதலிடம் ரெண்டாமிடம்னு அறிவிக்கறதையும் கவர்மெண்டு நிறுத்திருச்சு. பதினொண்ணாவதுக்கும் பொதுப் பரிச்ச வெச்சாங்க. அத 2025-26ல இருந்து மறுபடி எடுத்தாச்சு. இனி அந்தப் புத்தகம் பைக்குள்ள இருக்குமா, பழையபடி கடைக்குப் போகுமா? ஆபீசுல கேக்காத. ஒம்பதாவது படிக்கற ஒரு பையனப் புடிச்சு, "கண்ணு, கணக்குல என்ன பாடம் ஓடுது, நோட்டக் காட்டு"ன்னு கேளு. நோட்டுப் பொய் சொல்லாது.

உம் பொண்டாட்டி ஆணும் பொண்ணும் ஒட்டுக்காப் படிக்கற பள்ளிக்கூடம்தான் வேணும்கறாளாமா. வெவரமான புள்ள. ஆனா கோ-எட்னு போர்டு வெச்ச எடத்துல உள்ள போயிப் பாரு. பசங்களுக்கு இந்தப் படி, புள்ளைங்களுக்கு அந்தப் படி. பஸ்சுல முன்னால இவங்க, பின்னால அவங்க. அழிரப்பர் கடன் கேட்டாப் பெத்தவங்களக் கூட்டியான்னு சீட்டு வந்துரும். அந்த அளவுக்குப் பிரிச்சு வெக்கறதுக்கு நடுவுல ஒரு செவுரு கட்டிட்டா மேஸ்திரிக்காச்சும் வேல கெடைக்கும். அப்படி வளந்தவன் எப்படி இருப்பான்னு நீ வெளிய தேட வேண்டாம். கண்ணாலம் ஆன புதுசுல உம் பொண்டாட்டிகிட்ட "சோறு போடு"ங்கறதையே உங்கம்மா மூலமாத்தான சொல்லி விட்ட?

லேப்ல ரெண்டு பேரும் ஒரே மேசையில நிக்கறாங்களா பாரு. கிரவுண்டுல புள்ளைங்க வெளையாடறாங்களா, ஓரமா உக்காந்து பசங்க ஆடறதுக்குக் கை தட்டறாங்களா பாரு. யாராச்சும் தப்பா நடந்தா யாருகிட்டச் சொல்லோணும்னு புள்ளைங்களுக்குத் தெரியுதான்னு கேளு. 1098, 14417-ன்னு ரெண்டு ஹெல்ப்லைன் நம்பரும் அவங்க கண்ணுல படற எடத்துல எழுதிருக்கோணும். ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால இல்ல.

சேக்கறப்ப அம்மிணிக்குப் பரிச்ச, உனக்கும் ஊட்டுக்காரிக்கும் இன்டர்வியூன்னு ஒரு கூத்து நடக்கும். டிப்ளமாவுல நீ அரியர் வெச்ச கதையெல்லாம் வெளிய வரும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரைக்கும் அப்படிச் சலிச்செடுத்துச் சேக்கக்கூடாது. மொத தடவைக்கு 25,000 ரூபா வரைக்கும், பொறவு ஒவ்வொண்ணுக்கும் 50,000 வரைக்கும் அபராதம். இதத் தெரிஞ்சு வெச்சுக்க, ஆனா அங்க எடுத்து விடாத, சீட்டுப் போயிரும். பீஸ் விசயம் அப்படியில்ல. 2009ல போட்ட சட்டப்படி, ரிட்டயர்டு ஜட்ஜு தலைமையில ஒரு கமிட்டி பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டணத்த நிர்ணயம் பண்ணுது. அந்தத் தாளக் காட்டுங்கன்னு இளிச்சுக்கிட்டே கேளு. கட்டறதுக்கெல்லாம் ரசீது வாங்கு. ரசீதில்லாம வாங்கறவன் அம்மிணிக்கு நேர்மை பாடம் எப்படி எடுப்பான்னு நான் கேக்கல, நீ யோசி.

புள்ளைங்க உசுரு விசயத்துல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல பள்ளிக்கூடக் கூரை தீப்புடிச்சு 94 குழந்தைங்க கருகிப் போச்சுங்க. 2012ல தாம்பரம் பக்கம் ரெண்டாவது படிச்ச புள்ள பஸ்சு அடிப்பலகை ஓட்டையில விழுந்து செத்துச்சு. சமையக்கட்டு வகுப்புக்கு எத்தன தூரம், படிக்கட்டு எத்தன, பின்வாசல் கேட்டுல பூட்டுத் தொங்குதா எல்லாம் பாரு. பஸ்சுக்குள்ள ஏறிக் காலால ஒரு மிதி மிதிச்சுப் பாரு.

எல்லாம் பாத்துட்டுப் பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குக் கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காரு. நானும் வாரேன், டீ உங்கணக்கு. புள்ளைங்க பேசிச் சிரிச்சுக்கிட்டு வருதுங்களா, தலையக் குனிஞ்சுக்கிட்டு வரிசையா வருதுங்களான்னு ரெண்டு பேரும் பாப்போம். கார மட்டும் எடுத்துக்கிட்டு வந்துராத. பழைய மொபெட்டுல வா. வாச்மேன் காரப் பாத்தான்னா, நாம டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள டொனேசன் ஏறிரும்.