ஈரமான அந்நியரை விளிக்கும் முறை: கண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி நகரில் எதிரே வருபவரிடம் எந்த மொழியில் வாய் திறப்பது என்பதைப் பத்தடி தூரத்திலேயே தீர்மானித்துவிடுகிறோம். நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி, மணிக்கட்டில் பிரித் நூல், இடுப்பில் ஒசரி மடிப்பு. இந்த அறிவை எந்தப் பள்ளியிலும் கற்பிப்பதில்லை. ஆனாலும் இதில் தவறுபவர் குறைவு.

தண்ணீரில் இது செல்லாது. திருநீறு கரைகிறது. தொப்பி லாக்கருக்குள் போகிறது. பிரித் நூலும் கோயில் கயிறும் நனைந்தால் ஏறக்குறைய ஒரே நிறம். வெறும் மேலோடு நெஞ்சளவு நீரில் நிற்பவர் யார் என்று அவரைப் பெற்றவளுக்கே சற்று யோசனையாகத்தான் இருக்கும்.

முன்னோருக்கு இச்சிக்கல் இருக்கவில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அமைத்த கண்டி ஏரியின் கரையில், அரசியர் நீராடிய உல்பெங்கே மண்டபம் இன்றும் நிற்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர் வந்து பேச்சுக் கொடுத்திருந்தால் பேச்சும் தலையும் ஒன்றாக முடிந்திருக்கும். தோட்டத்துப் பீலிக்கரையிலும் அந்நியர் கிடையாது. வரிசையில் இருக்கும் வாளியைப் பார்த்தே எந்த லயம், எந்தக் காம்பரா என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்நியரோடு ஒரே தண்ணீரில் ஊறும் வழக்கம் நீர்ப் பூங்காவோடுதான் நமக்கு வந்தது. மகாவலியில் குளித்து வளர்ந்தவர்கள் இதை மறுப்பார்கள். ஆற்றில் நீரும் போய்விடும், ஆளும் போய்விடுவார் என்பதே அவர்களுக்கு என் பதில்.

சட்டமும் உதவவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த ‘உம்’மை இலக்கணக்காரர் எச்சவும்மை என்பர், பெயரே போதும், விளக்கம் வேண்டாம். ஆனால் நீச்சல் தொட்டியில் யார் எந்த மொழியில் தொடங்குவது என்று இரண்டு இடத்திலும் ஒரு வரி இல்லை.

ஆகவே மிஞ்சுவது உறவுச்சொல். அக்காவும் மாமாவும் இரு மொழிக்கும் பொது, அவற்றால் ஆபத்தில்லை. ‘மல்லி’ சிங்களத்தில் தம்பி, நமக்குக் கஷாயம். ‘தாத்தா’ நமக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், முஸ்லிம்களின் தமிழில் மூத்த சகோதரி. எல்லாவற்றிலும் வழுக்கலானது ‘ஐயா’. தமிழில் மதிப்புக்குரிய பெரியவர், சிங்களத்தில் அண்ணன். இரண்டுக்கும் இடையே குறைந்தது இருபது வயது.

இனிக் கள ஆய்வு. கண்டியில் கோடை என்று தனியாக ஒன்றில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய புழுக்கத்தைப் பள்ளி விடுமுறையின் துணையோடு கோடை என்று கொண்டாடுகிறோம். அப்படி ஒரு விடுமுறையில் வேன் பிடித்து ஹங்வெல்லை லெஷர் வேர்ல்டுக்குப் போயிருந்தோம். தொட்டியில் பக்கத்தில் நின்ற ஆள் திரும்பி, “ஐயா, டைம்?” என்றார்.

குளித்துக்கொண்டிருப்பவனிடம் மணி கேட்கும் மனிதரைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். என் கவலை அந்த முதற்சொல். அண்ணனா, பெரியவரா? வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அண்ணன் என்று முடிவு செய்தேன். “தன்னே நே” என்றேன். தெரியாது என்பதைச் சிங்களத்தில் சொன்னதால் அவரும் சிங்களத்தில் தொடர்ந்தார்.

இந்தத் தண்ணீர் மகாவலியிலிருந்து வருகிறதா என்று கேட்டார். ஆள் கண்டிப் பக்கம் என்பது அதிலேயே தெரிந்தது. இல்லை, இது களனி கங்கைப் பக்கம். மகாவலியை 1976இல் பொல்கொல்லையில் மறித்து ஒரு பங்கை வடக்கே திருப்பிவிட்டார்கள், மீதி திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இழுத்து இழுத்துச் சொன்னேன். நீண்ட நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்தது வேறு யாருடைய தண்ணீரிலோ குளிக்கவா என்றார். இதற்கு என்னிடம் எந்த மொழியிலும் பதில் இல்லை.

அப்போது சறுக்கிலிருந்து பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றின் மூக்கில் தண்ணீர் ஏற, அவர் “ஐயோ” என்று கத்தினார். ‘ஐயோ’வும் இரு மொழிக்கும் பொது என்பதால் இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. பிறகுதான் விரலை நீட்டி எண்ணினார்: “ஒண்ணு, ரெண்டு, மூணு.”

நான் அவரைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“அட, நம்மாளா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க டைம்தானே கேட்டீங்க.”

அதற்குப் பிறகு பேச்சு இறங்கிவிட்டது. அரை மணி நேரம் சிங்களத்தில் சரளமாக இருந்த இரண்டு பேர், தமிழில் பிள்ளைகள் எத்தனை, வேன் கூலி எவ்வளவு என்பதைத் தாண்டவில்லை. முதலில் சொன்ன ‘ஐயா’ எந்த மொழி என்று கேட்டு ஆய்வை முடிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் கடைக்குட்டியைத் தூக்கி என் பக்கம் திருப்பினார்.

“தாத்தாவுக்கு டாட்டா காட்டு.”

பிள்ளை கையை ஆட்டியது. இதைச் சிங்களமாக எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறை குறையும். ஆனால் நாங்கள் தமிழுக்கு மாறி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.