குமாருக்கு நைட் ஷிப்ட் கிடையாதா, பேராண்டி?

வாப்பா பேராண்டி, உக்காரு. களி ஆறுறதுக்குள்ள அந்தத் தாளைப் படி, கேப்போம்.

"குமார் காலை ஒன்பது மணிக்கு இயந்திரத்தின் அருகே வருகிறார். தரையில் எண்ணெய் சிந்தியிருப்பதைக் காண்கிறார். குமார் என்ன செய்ய வேண்டும்?"

அடேங்கப்பா! சிப்காட்ல டிரெய்னர் வேலை கிடைச்ச கையோட என் பேரன் கதாசிரியரும் ஆயிட்டான்.

ஒரே ஒரு சந்தேகம். உன் குமார் எப்பவும் காலையில ஒன்பது மணிக்கே வர்றாரே, அவருக்கு நைட் ஷிப்டே கிடையாதா? விடியக்காலம் மூணு மணிக்குக் கண்ணு சொருகாதா? துடைக்கத் துணி தேடிப் போனா, "டார்கெட்டை உங்கப்பனா வந்து முடிப்பான்?"னு சூப்பர்வைசர் கத்த மாட்டாரா? நாலு விடை போட்டிருக்க. அதுல மூணு, மாடு மேய்க்கிறவன்கூட டிக் அடிக்காத விடை.

நானும் இருபது வருஷம் கம்பெனி கேட்ல வாட்ச்மேனா நின்னவன்தான். எந்தக் கம்பெனின்னு கேக்காத. மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் வந்தா மாக் டிரில். பதினோரு மணிக்குன்னு முந்தின நாளே நோட்டீஸ் ஒட்டிடுவாங்க. சைரன் ஊதுறதுக்கு முன்னாடியே பாதிப் பேர் அசெம்பிளி பாயின்ட்டுக்கு வந்து வேப்பமரத்து நிழல்ல இடம் பிடிச்சிருப்பான். அடிபட்டவனா நடிச்ச பையன் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே, "அண்ணா, டீ வந்துடுச்சா?"ன்னு எங்கிட்ட கேட்டான். முடிஞ்சதும் ஒரே கைதட்டு. அப்புறம் ஒரு நாள் நெசமாவே புகை வந்துச்சு. பின்கேட்டுச் சாவி யாருகிட்டன்னு தேடவே பத்து நிமிஷம். சாவி என் ஜோபிலதான் இருந்துச்சு, அது வேற கதை.

எல்லாமே வேஷம்னு சொல்ல வரல. வண்டிக் கம்பெனிகள்ல டோஜோன்னு ஒரு ரூம் வெச்சிருக்கான். ஜப்பான்ல சண்டை பழகுற கூடத்துக்கு அந்தப் பேராம். லைனுக்குப் போறதுக்கு முன்னாடி புதுப் பையன் அங்க போல்ட் முடுக்கிப் பழகணும். நல்ல போல்ட்டோட மரை போன போல்ட்டையும் கலந்து போடு, கை தானா அறிவு பெறும்.

நம்ம ஊரு டைட்டனை எடுத்துக்கோ. 1980-கள்ல கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களைத் தேடிப் பிடிச்சு எடுத்தாங்க. ஓசூர்ல வீடு பிடிச்சுத் தங்க வெச்சு, தாய் தகப்பன் மாதிரி பாத்துக்க ஆளும் போட்டாங்க. கடிகாரம் கோக்குறதோட டவுன்ல குடியிருக்கவும் அதுங்க சேத்தே பழகிச்சுங்க. அந்தப் பாடத்தை எந்தத் தாள்ல எழுதுவ?

உங்கப்பனுக்கு நான் யானைப் பாடம் நடத்தினேன், தெரியுமா? ராகி கதிர் முத்தினா சானமாவுக் காட்டுலருந்து கூட்டமா இறங்கும். அவனைப் பரண்ல ஏத்தி, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது? ஓடுறதுன்னா எந்த வரப்பு?"ன்னு கேட்டேன். பையன் கரெக்டா சொன்னான். நெசமா யானை வந்தப்ப ஏணியைக்கூட மறந்துட்டுக் குதிச்சு ஓடினது நான்தான். அன்னிக்கு அவன் கத்துக்கிட்டது ஜாஸ்தி.

இன்னொண்ணு. குமார் சுத்தத் தமிழ்ல பேசுறாரு. அவர் பக்கத்துல நிக்கிறது ஒடிசாக்காரப் பையன். சூப்பர்வைசர் அத்திப்பள்ளியிலருந்து வர்றவர், கன்னடம். நம்ம வீட்லயே தெலுங்கு. "ஆயில் கொட்டியிருக்கு, வழுக்கும்"னு குமார் எந்த பாஷையில கத்துவாரு? அதை ஒரு கேள்வியா போடேன்.

போ, குமாரை நைட் ஷிப்டுக்கு மாத்தி எழுதிட்டு வா. ஏன் ஏன்னு அஞ்சு தடவை கேக்கணும்னு செவுத்துல போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கீங்களே, அந்த எண்ணெய் எங்கருந்து ஒழுகுதுன்னு உன் தாள்ல ஒருத்தனும் கேக்கல.