ஆர்மோனியப் பெட்டியின் ஸ்தான நிர்ணயம்

பாயிரம்

சங்கீதத்தைப் பற்றி நம் நாட்டில் எழுந்த லட்சண கிரந்தங்கள், நாதம் நாபியில் தோன்றி இருதயத்தையும் கண்டத்தையும் கடந்து ஸ்வரமாகவும் ராகமாகவும் விரியும் வகையை நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனவே அன்றி, அந்த நாதத்தை எழுப்பும் வாத்தியம் கச்சேரி நடக்கும் ஊருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற விஷயத்தில் பரிபூரண மௌனம் சாதித்திருக்கின்றன. அக்குறையை ஓரளவு நிரப்பும் பொருட்டு, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று இசை நாடகங்களுக்கு வாசிக்கும் கலைஞருடைய ஆர்மோனியப் பெட்டிக்கு மப்சல் பஸ்ஸில் உரிய இடம் யாது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு இவ்வாராய்ச்சி தொடங்கப்படுகிறது. கேள்வி சிறிது; பெட்டி சிறிதன்று.

சாஸ்திர மரபுப்படி நூலுக்கு வேண்டிய நான்கையும் முதலிலேயே கூறிவிடுகிறோம். விஷயம், பெட்டி. அதிகாரி, அதை ஒரு முறையேனும் பஸ் நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தூக்கி ஓடியவர். சம்பந்தம், பெட்டியின் விளிம்புக்கும் பக்கத்து ஆசனக்காரரின் முழங்காலுக்கும் உள்ளது. பிரயோஜனம், அம்முழங்காலுக்கு உண்டாகும் சாந்தி.

முன்னோர் கொள்கை

தமிழில் இப்பொருளை முறைப்படி எடுத்துக்கொண்ட முதல் நூல் மலைபடுகடாமே என்பது நமது துணிபு. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தரைப் பாட முற்பட்ட பெருங்கௌசிகனார், வள்ளலின் கொடையையோ மலையின் வளத்தையோ முதலில் வைக்காமல், முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் குழலுமாகக் கூத்தர் பையிலிட்டுச் சுமந்து செல்லும் கருவிகளின் பட்டியலை முன்னே வைத்து, அப்பைகள் பலாக்காய்க் கொத்துப் போலத் தொங்குகின்றன என்றும் கூறிச் செல்கிறார். வழியும் உணவும் பரிசிலும் பின்னர் ஆகுக, மூட்டைக்கு முதலில் ஒரு வழி சொல்லுக என்பதே அப்புலவரின் உள்ளக்கிடக்கையாதல் வேண்டும். மிருதங்கம், தவில், கஞ்சிரா ஆகிய மூன்றும் பலாமரத்திலேயே கடையப்படுவதையும், ஆலங்குடி வடகாட்டுப் பக்கம் பலாவுக்குப் பேர்போன பூமி என்பதையும் சேர்த்து நோக்குவார்க்கு, அவர் புதுக்கோட்டைச் சீமையை மனத்திற்கொண்டே உவமை கூறினாரோ என்று ஐயுறவும் இடமுண்டு. ஆராய்ச்சியாளர் எவரும் இதனை ஒப்பவில்லை, மறுக்கவும் முன்வரவில்லை.

அடுத்துக் கருதத்தக்கது குடுமியான்மலைக் கல்வெட்டு. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில் ஏழு பகுதிகளாக ஸ்வர வரிசைகள் செதுக்கப்பட்டு, ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர் மாணாக்கரின் நலத்துக்காக இதனை இயற்றினார் என்ற குறிப்புடன் விளங்கும் இச்சாசனம், எழுத்தமைதி கொண்டு ஏழாம் நூற்றாண்டளவினதென்று கருதப்படுவது, 1904-இல் கண்டறியப்பட்டது. இதனை ஆக்கியவர் மகேந்திரவர்ம பல்லவரா, வேறொருவரா என்று அறிஞர்கள் வெகுகாலமாக வாதிட்டு வந்திருக்கின்றனர். நமக்கு அந்த விவாதத்தில் சிரத்தை இல்லை. பாடக் குறிப்பை ஓலையில் எழுதாமல் மலையில் எழுதிவிட்டால், பாடத்தைச் சுமக்கும் தொல்லை ஆசிரியருக்கும் இல்லை, மாணாக்கருக்கும் இல்லை, வேண்டுவோர் மலைக்கு வந்து வாசித்துக்கொள்ளலாம் என்ற அந்த அரசரின் தீர்க்கதரிசனமே நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அசைக்க முடியாத சங்கீதம் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை.

இதற்கு நேர் எதிரான கோடியையும் புதுக்கோட்டையே உலகத்துக்கு அளித்திருக்கிறது. உடும்புத் தோல் போர்த்து, ஒரு பக்கத்தில் சிறு சலங்கைத் தகடுகள் கோத்து, இடக்கையில் பிடித்து வலக்கையால் வாசிக்கப்படும் கஞ்சிராவைப் பஜனைக் கூடத்திலிருந்து கர்நாடக சங்கீத மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை என்று மரபு கூறுகிறது. அவருடைய சீடராகிய தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஒருங்கே கீர்த்தி பெற்றார். லய விவகாரங்களின் காரணமாகவே இவ்வாத்தியம் உயர்ந்தது என்று விற்பன்னர் கூறுவர். நாமோ வேறு காரணம் காண்கிறோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்தது 1929-இல். ஆகவே மாமுண்டியா பிள்ளையின் காலத்தில் இவ்வூரிலிருந்து வெளியூர்க் கச்சேரிக்குப் புறப்பட்ட எந்த வித்துவானும் மாட்டு வண்டியின் தயவை நாடியே போக வேண்டியிருந்தது. அந்நிலையில், துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளத்தக்க வாத்தியம் ஒன்று ரயிலில்லாத ஊரில் பெருமை பெற்றதற்குத் தாள சாஸ்திரத்தில் போய்க் காரணம் தேடுவது வீண் சிரமம்.

குடுமியான்மலைப் பாறை ஒரு கோடி. கஞ்சிரா மறு கோடி. இவ்விரண்டுக்கும் நடுவே, நகர்த்தவும் முடிந்து, நகரச் சம்மதிக்கவும் செய்யாத வஸ்துவாக நிற்பது ஆர்மோனியம்.

பெட்டி வரலாறு

1840-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துத் தெபேன் என்பவர் உரிமை பதிவு செய்த இவ்வாத்தியம், காலால் மிதித்துக் காற்றூட்டப்படும் மேசை வடிவில் பாதிரிமாரோடு கப்பலேறி வந்து, 1875-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவரால் தரையில் அமர்ந்து கையால் துருத்தி தள்ளும் பெட்டியாகக் குறுக்கப்பட்டது. குறுக்கியவர் இன்னும் ஒரு சாண் குறுக்கியிருக்கலாம் என்பது இத்துறையில் உள்ளோரின் ஏகமனதான அபிப்பிராயம். கமகத்துக்கு இசையாத வாத்தியம் என்று காரணம் காட்டி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இதனை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. ஆயினும் அம்முப்பத்தோராண்டுகளில் ஓர் இரவேனும் கிராமத்து நாடக மேடை இதற்கு இடம் மறுத்ததில்லை. வானொலி நிலையத்துக்குள் புகாத பெட்டி பஸ்ஸுக்குள் புகுந்தது.

பெட்டி எவருடைய சொத்து என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில், சீனும் உடுப்பும் ஆர்மோனியமும் கம்பெனிக்கே உரியவை. ஏற்றி இறக்குவது கம்பெனி ஆட்களின் பொறுப்பு. வாத்தியக்காரர் வெற்றிலைப் பெட்டியை மாத்திரம் எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். ஸ்பெஷல் நாடகம் என்ற முறை வேரூன்றி, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், வள்ளி வேறோர் ஊரிலிருந்தும், நாரதர் மற்றோர் ஊரிலிருந்தும், பபூனும் டான்ஸும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் தனித்தனியே சம்பளம் பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை என்பதே இன்றி இரவு பத்து மணிக்கு மேடையில் ஒன்றுகூடி, விடியும் மட்டும் வள்ளி திருமணத்தை நடத்திவிட்டு அவரவர் வழியே பிரியும் நிலை ஏற்பட்ட பிறகு, ஆர்மோனியக்காரர் எந்த முதலாளிக்கும் கட்டுப்படாத சுதந்திர புருஷர் ஆனார். அவர் சுதந்திரம் பெற்ற அதே தினத்தில் பெட்டி அவர் தோளில் ஏறியது.

ஸ்தான பேதம்

பஸ்ஸில் பெட்டி வைக்கப்படும் இடங்கள் ஐந்து. முதலாவது மடி. இது உத்தமமாகக் கருதப்படினும், இலுப்பூர் தாண்டுவதற்குள் இரு தொடைகளும் மரத்துப்போக, அன்றிரவு முழுதும் சம்மணமிட்டு அமர வேண்டியவர் பகலிலேயே கால்களை இழக்கிறார். இரண்டாவது காலடி. இதில் பெட்டிக்கு இடமுண்டு, காலுக்கு இல்லை. கால்கள் நடைபாதையில் நீட்டப்பட்டு, ஏறி இறங்குவோரின் ஆசீர்வாதங்களைப் பெறுகின்றன. மூன்றாவது, டிரைவருக்கு அருகிலுள்ள என்ஜின் மூடி. பார்வைக்குப் பீடம் போல விளங்கும் இவ்விடம் உஷ்ண தோஷம் உடையது. துருத்தியின் தோலும் ஒட்டுப்பசையும் சூட்டில் இளக, வேலன் பிரவேசிக்கும் வேளையில் பெட்டி பெருமூச்சு விடத் தொடங்குகிறது. நான்காவது, பின் படிக்கட்டை ஒட்டிய மூலை. இங்கே பெட்டி தன் இயல்பை இழந்து ஆசனமாக மாறுகிறது. அதன்மேல் அமர்ந்த மூதாட்டியை எழுப்பும் தைரியம் எந்த வித்துவானுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. ஐந்தாவது மேல் கேரியர். பழைய வண்டிகளில் ஏணி வழியே ஏற்றிக் கயிற்றால் பிணிக்கப்பட்டு, கறிவேப்பிலைக் கட்டுக்கும் கோழிக் கூடைக்கும் இடையே பயணம் செய்த பெட்டி, இறக்கப்படும்போது எந்தக் கட்டையில் நிற்கும் என்பது தெய்வச் செயல்.

இவ்வைந்தினுள் எது வாய்க்கும் என்பது கண்டக்டரின் சுபாவத்தைப் பொறுத்தது. கண்டக்டர் மூவகையினர். உத்தமர், பெட்டியைக் கண்டதும், “அண்ணே, இன்னைக்கு எந்த ஊருல நாடகம்?” என்று கேட்டு இடம் ஒதுக்கித் தருபவர். மத்தியமர், லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறொன்றும் பேசாதவர். மூன்றாமவரோடு நிகழும் தர்க்கம் இவ்வாறு அமையும்:

“பெட்டிக்கு டிக்கெட் எடுங்க.”

“பெட்டி இல்லைங்க, வாத்தியம்.”

“வாத்தியம்னா வாசிச்சுக் காட்டுங்க.”

வள்ளி திருமணத்தின் உச்சம் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமே என்பது ரசிகர் அறிந்தது. அதற்கு ஈடான வாதத் திறமை ஆர்மோனியக்காரருக்கு எங்கிருந்து கைவந்தது என்ற ஐயம் இப்போது தீர்ந்திருக்கும்.

சுருதிக்கும் சுமைக்கும் உள்ள தொடர்பு

ஆர்மோனியத்தைப் பற்றி இவ்வளவு கூறிவிட்டு மிருதங்கத்தைப் பற்றிக் கூறாது விடின் பாரபட்சமாகும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் தம் தம் கட்டையைத் தாமே கொண்டு வருவர். ராஜபார்ட் ஒரு சுருதியில் பாட, ஸ்திரீபார்ட் அதற்கு மேலே ஒரு சுருதியில் பதில் கூறுவார். ஆர்மோனியக்காரர் விரலைக் கட்டைகளில் இடம் மாற்றிச் சமாளித்துக்கொள்வார். அவ்வாத்தியத்தின் மகிமையும் அதுவே. மிருதங்கமோ ஒரு சுருதியை விட்டு அதிக தூரம் நகராது. தாழ்ந்த சுருதிக்கு நீண்டதும், உயர்ந்த சுருதிக்குக் குறுகியதுமாக வெவ்வேறு மிருதங்கம் வேண்டும். ஆகவே நடிகரின் குரல் ஏற ஏற மிருதங்கக்காரரின் தோளில் பை ஒன்று கூடுகிறது என்பது இத்துறையில் நாம் கண்ட முதல் விதி. சத்த விசேஷங்களையெல்லாம் ஒருவராகவே உண்டாக்கும் ஆல்ரவுண்டுக்காரருக்கு எந்த விதியும் பொருந்தாது. அவர் கொண்டுவரும் கொட்டுகளையும் தட்டுகளையும் மணிகளையும் எண்ணிப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இச்சங்கடத்துக்கு ஒரே ஒரு முறை பூரண பரிகாரம் காணப்பட்டது, கண்டவரும் புதுக்கோட்டைக்காரரே. நாடகத்தில் வளர்ந்து சினிமாவுக்குப் போன பி.யு.சின்னப்பா, 1944-இல் வெளிவந்த ஜகதலப்பிரதாபனில், பாடுபவரும் தாமே, பக்கவாத்தியக்காரர்களும் தாமே எனப் பல உருவமாகத் தோன்றிக் கச்சேரி செய்தார். ஒரே ஆள், ஒரே டிக்கெட். ஆனால் இப்பரிகாரம் காமிராவின் உதவியை வேண்டுவது; பஸ் நிலையத்தில் சாத்தியப்படுவதன்று.

ஆட்சேப சமாதானம்

இக்காலத்தில் கலைஞர்கள் மோட்டார் சைக்கிளிலும் வாடகை வேனிலும் செல்கிறார்களே, கீபோர்டு என்ற இலகுவான வாத்தியம் வந்துவிட்டதே, இந்த ஆராய்ச்சி காலங்கடந்ததன்றோ என்று ஆட்சேபிக்கலாம். சமாதானம் கூறுகிறோம். மோட்டார் சைக்கிளில் பெட்டி பின்னிருக்கையில் கயிற்றால் கட்டப்படுகிறது. ஆகவே மனிதன் அமரும் ஸ்தானத்தை அது பெற்றுவிட்டது என்பதால் நமது கட்சியே பலப்படுகிறது. கீபோர்டு இலகுவானதே, அதைத் தாங்கும் ஸ்டாண்டும், அதற்கு மின்சாரம் ஊட்டும் ஒயரும், கிராமத்து மின்சாரத்தின் குணபேதங்களிலிருந்து அதனைக் காக்கும் ஸ்டெபிலைசரும் இலகுவானவை அல்ல. வேனில் இடம் தாராளம் என்பதனாலேயே ஒவ்வொருவரும் இன்னும் ஒரு பை கூடக் கொண்டு வருகின்றனர். வாகனம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு மூட்டையும் விரியும் என்பது இரண்டாம் விதி.

சித்தாந்தம்

இனி நிர்ணயம். பங்குனியில் நார்த்தாமலையிலும் கொன்னையூரிலும் மாரியம்மன் திருவிழா தொடங்கிச் சுற்றுவட்டக் கிராமங்களிலெல்லாம் நாடகம் வைக்கும் பருவத்தில், ஆர்மோனியக்காரர் ஊர் எல்லையில் இறங்கியதும் விழாக் கமிட்டியார் அவரை நோக்கிக் கேட்கும் முதற்கேள்வி, “வாங்கண்ணே” என்ற உபசாரத்தின் பின், “பெட்டி வந்திருச்சா?” என்பதே. பெட்டி வந்து ஆள் தாமதித்தால், பக்கத்து ஊரில் கட்டை அழுத்தத் தெரிந்த எவரையேனும் பிடித்து உட்கார்த்தி முதற் பாட்டை நடத்திவிடலாம். ஆள் வந்து பெட்டி தாமதித்தால், நோட்டீஸில் அவருடைய புகைப்படம் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தாலும், நாடகம் தொடங்காது. எனவே பிரதானம் பெட்டி, அதனுடன் உதவிக்கு வருபவர் வித்துவான் என்பது வெள்ளிடைமலை. அரசனுக்கும் கம்பெனிக்கும் ஜமீனுக்கும் தலைவணங்காத இச்சுதந்திர கலைஞர் வாழ்நாளெல்லாம் சேவகம் செய்வது இந்த ஒரு மரப்பெட்டிக்குத்தான் என்பதை அவரும் மறுக்கமாட்டார். மாறாக, சற்றுப் பெருமையுடனேயே ஒப்புக்கொள்வார். ஆதலின், பஸ்ஸில் பெட்டிக்கு உரிய ஸ்தானம் ஜன்னலோர ஆசனமே. வித்துவான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரலாம்.

இம்முடிபை மறுக்கக் கருதுவோர், பங்குனித் திருவிழா நாளொன்றில் பொன்னமராவதி பஸ்ஸில் ஏறி நம்முடன் வாதம் புரியலாம். உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும் என்று மாத்திரம் நாம் உறுதி கூற இயலாது. வருகிறவர் ஆர்மோனியமும் கொண்டு வருவதாயின், ஏணியில் ஏறுவது யார், கீழிருந்து தூக்கிக் கொடுப்பது யார் என்பதை வாதத்துக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்வது உசிதம்.